இலங்கையில் எலியாராய்ச்சி: மலைத்தோட்டம் முதல் கீழ்கரை வயல் வரை

பாலூட்டி விலங்கினங்களுள் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கொறித்துண்ணும் வகையைச் சார்ந்தவை. யானையையும் சிறுத்தையையும் காண மக்கள் நெடுந்தூரம் செல்வர். காலடியில் வாழும் எலியை நின்று நோக்குவார் அரியர். ஆயினும் உழவரின் விளைச்சலையும் நகரத்தாரின் உயிரையும் தாக்குவதில் எலிக்கு நிகரான விலங்கு பிறிதில்லை. மனிதன் அதனைப் பகைத்த காலம் நெடியது. அதன் வாழ்க்கையை அறிய முயன்ற காலமோ குறுகியது. அம்முயற்சி இலங்கையில் வளர்ந்த வகையும், கீழ்கரை உழவருக்கு அதனால் விளையும் பயனும் ஈண்டு ஆராயப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுட் சில காலங்களில் எலிகள் திரள் திரளாகப் புகுந்தன. அவை கோப்பிச் செடியின் மெல்லிய கிளைகளைக் கத்தியால் அரிந்தாற்போலத் துண்டித்து, அரும்பையும் மலரையும் தின்றன. ஒரே தோட்டத்தில் ஒரு நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதுண்டு என்று, 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் தம் நூலிற் குறித்துள்ளார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அவ்வெலிகளைத் தேங்காயெண்ணெயிற் பொரித்தும் கறியாக்கியும் உண்டனர் என்பதும் அவர் தரும் செய்தியாகும்.

இப்படையெடுப்பின் காரணம் யாது? மலைக்காடுகளில் 'நெலு' எனச் சிங்கள மக்கள் வழங்கும் செடிகள் அடர்ந்து வளர்கின்றன. தமிழ் மக்கள் ஒரு திணைக்கே பெயராக்கிய குறிஞ்சியின் இனத்தைச் சார்ந்தவை அவை. பல்லாண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, காய்த்து, விதை சிந்தி மடிவது அவற்றின் இயல்பு. விதை மலிந்த காலத்தில் எலி பெருகும். விதை தீர்ந்ததும் பெருகிய கூட்டம் உணவு தேடி வெளியேறும். காடிருந்த இடத்திலே தோட்டம் இருந்தமையால், பசித்த கூட்டம் தோட்டத்தை அடைந்தது. தோட்டத்துரைமார் கண்டது எலியின் கொடுமையை. அதன் பின்னணியில் நின்றதோ ஒரு செடியின் பருவம். எலியை அதன் உணவினின்றும் நிலத்தினின்றும் பிரித்து அறிதல் இயலாது என்பதற்கு இஃது ஏற்ற சான்றாகும். இந்தியாவின் மிசோரம் மலைகளிலும் மூங்கில் பூத்த 1959 ஆம் ஆண்டை ஒட்டி எலிகள் பெருகிப் பஞ்சம் விளைத்தமை இவ்வுண்மையை வலியுறுத்தும்.

எலியினங்களை வகுத்துப் பெயரிடும் பணியில் முன்னின்றவர் எட்வேட் பிரெடரிக் கெலார்ட். இலங்கையில் 1819 இல் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, படை மருத்துவராகப் பணியாற்றிய இவர், 1852 இல் வெளியிட்ட நூலில் இலங்கை விலங்குகளை நிரல்படுத்தினார். அவருக்குப் பின் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் மலைநாட்டில் ஆராய்ந்து, 1929 இல் ஒகிய எலியையும், 1932 இல் நெலுவின் பெயராலேயே வழங்கும் மலையெலியையும் அறிவியலுலகிற்கு அறிமுகப்படுத்தினார். 1935 இல் வெளிவந்த அவருடைய இலங்கைப் பாலூட்டிகள் பற்றிய கையேடு இன்றளவும் அடிப்படை நூலாகப் போற்றப்படுகிறது. எனினும் பதப்படுத்திய தோலும் அளந்த மண்டையோடும் ஒரு விலங்கின் பெயரை உறுதிசெய்யுமேயன்றி, அஃது எவ்வாறு உயிர்பிழைக்கிறது என்பதை முற்ற உரையா. அதற்கு வேறொரு கல்வி வேண்டியிருந்தது.

அக்கல்வியின் தேவையைக் கொழும்பு நகருக்கு உணர்த்தியது கொள்ளைநோய். 1914 இல் கொழும்பில் அந்நோய் தோன்றியது. எலியின் உடலில் வாழும் தெள்ளே நோயைப் பரப்புகிறது என்பது அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. ஆனால், எலிகள் எங்கும் நிறைந்திருக்க, நோய் எங்கும் பரவாமை ஏன் என்ற வினா எஞ்சியிருந்தது. கொழும்பிற் பணியாற்றிய நுண்ணுயிரியலறிஞர் எல். பேபியன் ஹேர்ஸ்ற், எலித்தெள்ளுகளை இனம் பிரித்து எண்ணினார். அவற்றுள் ஓரினம் நோயை எளிதிற் பரப்புவது என்றும், கொழும்பில் மிகுதியாயிருந்த மற்றோரினம் அவ்வாற்றலிற் குறைந்தது என்றும் அவர் காட்டினார். எலியை எண்ணினால் மட்டும் போதாது. அதன் உடலில் வாழ்வனவற்றையும் அறிதல் வேண்டும் என்பது அவ்வாராய்ச்சியின் பயன். அவர் தம் வாழ்நாளறிவைத் திரட்டி எழுதிய கொள்ளைநோய் வரலாறு 1953 இல் வெளிவந்தது.

இதே காலப்பகுதியில் மேனாட்டிலும் நோக்கு மாறியது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துச் சாள்ஸ் எல்ரன், விலங்குத்தோல் வணிகரின் பழைய கணக்கேடுகளைக் கூட ஆராய்ந்து, விலங்குகளின் தொகை ஏறியும் இறங்கியும் வருதலைத் தெளிவாக்கினார். அவர் 1932 இல் நிறுவிய ஆய்வுநிலையம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுக் களஞ்சியங்களைக் காக்கும் பொருட்டு எலியாராய்ச்சியில் இறங்கியது. எலி புதிய பொருளைக் கண்டால் அஞ்சி விலகும். புதிய தீனியைச் சிறிதே சுவைத்துப் பார்க்கும். நோயுற்றுப் பிழைத்தால் அத்தீனியைப் பின்னர்த் தீண்டாது. நஞ்சு வைத்த மூன்றாம் நாள் எலிகள் தீனியைப் புறக்கணிப்பதன் காரணம் இதனால் விளங்கிற்று. இவ்வியல்புகளை விரிவாக ஆராய்ந்த எஸ். ஏ. பாணெற், ஜோத்பூர் வறணில ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த ஈஸ்வர் பிரகாஷுடன் இணைந்து, இந்திய எலிகளைப் பற்றிய நூலொன்றை 1975 இல் வெளியிட்டார். தார்ப் பாலையின் கொறித்துண்ணிகள் வெப்பத்தையும் நீரின்மையையும் வென்று வாழும் வகையை ஈஸ்வர் பிரகாஷ் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர்.

இவ்வாறு மலைத்தோட்டத்திலும் துறைமுக நகரத்திலும் அயல்நாடுகளிலும் திரண்ட அறிவு, நெல்வயலுக்கு எவ்வகையிற் பொருந்தும்? கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தொடரும் கீழ்கரை ஊர்கள், கிழக்கே கடலையும் மேற்கே பரந்த வயல்களையும் கொண்டவை. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராகவும், தமிழர் அயலவராகவும் வாழும் இவ்வூர்களில் வெள்ளாமையே பலரது வாழ்வு. பட்டிப்பளை ஆறு எனத் தமிழர் வழங்கும் கல்லோயாவை மறித்து 1949 இல் தொடங்கப்பட்ட பெருந்திட்டத்தால், மாரிப்போகத்துடன் கோடைப்போகமும் விரிந்தது. போகம் ஒன்றே விளையும் நிலத்தில், அறுவடைக்குப் பின் வரும் நீண்ட வறட்சி எலிக்குப் பஞ்சகாலமாகும். இருபோக நிலத்தில் அப்பஞ்சம் சுருங்குகிறது. உழவனுக்குக் கிடைத்த நீர் எலிக்கும் வாழ்வளித்தது.

வயல்வரம்பைத் துளைத்து வாழும் அகழான் இவற்றுட் குறிப்பிடத்தக்கது. 'பன்றியெலி' எனப் பொருள்படும் தெலுங்குச் சொல்லிலிருந்தே இதற்கு ஆங்கிலப் பெயர் பிறந்தது. இது வளைவாயைத் தளர்மண்ணால் மூடிக்கொள்ளும். கதிரை அறுத்துச் சென்று வளையின் அறைகளிற் சேமிக்கும். மூன்று கிழமைக்குச் சற்று மேற்பட்ட கருக்காலத்தில் குட்டியீனும். நெல் குடலைப் பருவத்தை அடையும் காலத்தை ஒட்டியே வயலெலிகளின் பெருக்கம் மிகும் என்பது ஆசிய நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளின் முடிபு. ஆகவே கதிர் முற்றியபின் நஞ்சு வைத்தல் காலம் தாழ்த்திய செயலாகும். பெருக்கம் தொடங்கு முன்னரே வளைகளை அழித்தல் வேண்டும். வரம்பு குறுகியிருப்பின் எலி வளை தோண்டுதல் அரிதாகும்.

இவை யாவற்றினும் சிறந்த காப்பு, ஒரு வட்டை முழுவதையும் ஒரே காலத்தில் விதைத்தல். வயல்கள் இரு கிழமைக்குள் விதைக்கப்படின் கதிர் ஒருசேர முற்றும். எலியின் உணவுக்காலம் குறுகும். ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விதைப்பின், எலி ஒரு வயலில் ஈன்ற குட்டியை அடுத்த வயலில் வளர்க்கும். போடிமாரும் முல்லைக்காரரும் வட்டை விதானை முன்னிலையிற் கூடி விதைப்புக்காலம் குறித்த பண்டை வழக்கம் நீர்ப்பங்கீட்டுக்கென எழுந்தது. அதுவே எலியினின்றும் பயிரைக் காக்கும் அரணாகவும் அமைந்தது. ஒருவர் வயலிலுள்ள எலி ஊரார் அனைவரின் எலியாகும். தனியொருவர் வாங்கும் நஞ்சு அதனைத் தீர்க்காது.

விளைச்சலினும் பெரியது உயிர். எலிக்காய்ச்சலை விளைக்கும் நுண்ணுயிரை 1915 இல் யப்பானிய அறிஞர் கண்டறிந்தனர். எலியின் சிறுநீர் வழியே வயல்நீரை அடையும் அது, காலிலுள்ள சிறு காயத்தின் வழியே மனிதனுட் புகும். 2008 இல் இலங்கையில் 7,000 க்கு மேற்பட்டோர் இந்நோயுற்றதாகப் பதிவாயிற்று. சேற்றில் வெறுங்காலுடன் நிற்கும் தொழிலாளியே முதலில் தாக்கப்படுபவன். காயத்தை மூடுதலும், சுகாதார வைத்திய அதிகாரி தரும் தடுப்பு மாத்திரையைத் தவறாது உட்கொள்ளுதலும், காய்ச்சல் கண்டதும் வயலில் வேலை செய்ததை மருத்துவரிடம் கூறுதலும் உயிரைக் காக்கும்.

எலியினம் முழுவதும் பகையன்று என்பதும் மறத்தற்பாலதன்று. பிலிப்ஸ் கண்ட ஒகிய எலி, உலகில் வேறெங்கும் உறவினமில்லாத தனிப்பேரினமாக மலைக்காடுகளில் மட்டும் வாழ்கிறது. காடு குறையின் அதுவும் மறையும். வயலிலோ எலியை உண்டு உழவனுக்கு உதவுவன கூகையும், சாரையும், கீரியும், காட்டுப்பூனையும். 'சாக்குருவி' என்று அஞ்சி மக்கள் விரட்டும் கூகை, இரவுதோறும் எலி பிடித்து வாழ்வது. நஞ்சுண்ட எலியைத் தின்று கூகை இறப்பின், அடுத்த போகத்தில் எலிக்குக் காவலன் இல்லை.

1995 இல் தொடங்கிய உயர்கல்வி நிலையம் இன்று ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அதன் பிரயோக விஞ்ஞானபீடம் வயல் சூழ்ந்த சம்மாந்துறையிலேயே அமைந்துள்ளது. எந்த வரம்பில் எத்தனை வளை, எந்த மாதத்தில் எத்தனை குட்டி, கூகை உமிழ்ந்த உருண்டையில் எவ்வெலியின் எலும்பு என்று எண்ணிப் பதிவுசெய்தற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை; பொறுமையும் குறிப்பேடும் போதும். கெலார்ட்டும் பிலிப்ஸும் தம் தொழிலுக்கிடையே கிடைத்த ஓய்விலேயே ஆராய்ந்தனர். வயலை அறிந்த முல்லைக்காரரின் அனுபவமும் மாணவரின் அளவீடும் ஒன்றுகூடின், மலைநாட்டில் தொடங்கிய கல்வி கீழ்கரையில் நெல்லாகவும் நல்வாழ்வாகவும் விளையும்.