முகூர்த்த நேரத்துக்கு வெளிச்சம் எங்கே?

உங்க வீட்டுல அறுபதுகள், எழுபதுகள்ல நடந்த கல்யாணத்தோட ஆல்பம் இருந்தா எடுத்துப் பாருங்க. தாலி கட்டுற படத்துல மாப்பிள்ளை தாலியைப் பார்க்க மாட்டார், கேமராவைப் பார்த்துக்கிட்டிருப்பார். கை மட்டும் பொண்ணு கழுத்துக்கிட்ட அப்படியே நிக்கும். முன்னாடி இருக்கிறவங்க முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை, பின்னாடி நிக்கிற சனம் பாதி இருட்டுல. கெட்டிமேளம் முழங்குற நேரத்துல ஒரு மனுசன் எப்படிய்யா இப்படிச் சிலை மாதிரி இருப்பார்னு நாம சிரிக்கிறோம்.

அந்தக் காலத்து ஆளுங்களுக்குக் கூச்சம், கேமரான்னா பயம் என்று விளக்கம் சொல்றவங்க உண்டு. எனக்கு அதுல அவ்வளவா நம்பிக்கை இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது: வெளிச்சம் பத்தலை. விடிகாலை முகூர்த்தம், ஓமப்புகை, கீற்றுப் பந்தல், மழை. கல்யாணத்துக்கு நல்லதுன்னு நாம பார்க்கிற எதுவுமே கேமராவுக்கு ஆகாது.

இது நம்ம ஊர் பிரச்னை மட்டும் இல்லை. டாகுரோடைப் முறையை பாரிஸ்ல உலகத்துக்கு அறிவிச்சது 1839 ஆகஸ்ட். ஆறு மாசம் கழிச்சு, 1840 பிப்ரவரி 10ஆம் தேதி விக்டோரியா ராணிக்குக் கல்யாணம். அன்னிக்குக் காலையில லண்டன்ல மழை. உலகத்தோட பெரிய சாம்ராஜ்யத்தின் ராணி, ஆனா கல்யாணப் புகைப்படம் ஒண்ணுகூடக் கிடையாது. இணையத்துல 'விக்டோரியா கல்யாணப் படம்' என்று சுத்துறது, ரோஜர் ஃபென்டன் 1854ல எடுத்தது. கல்யாணமாகி 14 வருஷம் கழிச்சு!

அதைவிட எனக்குப் பிடிச்ச கதை 1858ல நடந்தது. ராணியோட மூத்த மகளுக்கு ஜனவரி 25ஆம் தேதி கல்யாணம். சர்ச்சுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அம்மா, அப்பா, மணப்பெண் மூணு பேரையும் நிக்க வெச்சு ஒரு டாகுரோடைப் எடுத்தாங்க. லண்டன் குளிர்காலத்து வெளிச்சம் எப்படி இருக்கும்னு சொல்லவேண்டியதில்லை. கொஞ்ச நேரம் அசையாம நிக்கணும். ராணியால முடியலை. மகளைக் கட்டிக்கொடுக்கிற நடுக்கத்துல முகம் கலைஞ்சு போச்சு. தான் நடுங்கினதால்தான் படம் தெளிவில்லைன்னு அவங்களே நாட்குறிப்புல எழுதி வெச்சிருக்காங்க. என்னைக் கேட்டா அந்தக் காலத்துக் கல்யாணப் படங்கள்ல உண்மையான படம் அதுதான்.

அப்புறம் ரொம்ப வருஷத்துக்கு எல்லா ஊர்லயும் ஒரே தீர்வுதான். கேமரா கல்யாணத்துக்குப் போகாது, கல்யாணம் கேமராகிட்ட வரும். கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோ, பின்னாடி வரைஞ்ச திரை, ஒரு நாற்காலி, ஒரு பூச்சாடி. எங்க பாட்டியோட கல்யாணப் படமும் அப்படித்தான். கல்யாணம் முடிஞ்சு நாலாம் நாள் மாட்டுவண்டி கட்டி டவுனுக்குப் போய் எடுத்தது. கழுத்துல மாலை கிடையாது, அதுக்குள்ள வாடிடுச்சாம். (தாத்தா போட்டிருக்கிற கோட்டு ஸ்டூடியோக்காரரோடது. அது தனிக்கதை.)

இருட்டுக்குள்ள வெளிச்சத்தைக் கொண்டுபோக முடியாதான்னு யோசிச்சவங்க முதல்ல கையில எடுத்தது நெருப்பைத்தான். 1860கள்ல மக்னீசியம் நாடாவை எரிச்சுப் படம் எடுத்தாங்க. 1887ல ஜெர்மனியில அடால்ஃப் மீத்தேவும் யோஹன்னஸ் கேடிக்கேயும் மக்னீசியத் தூளோட பொட்டாசியம் குளோரேட்டையும் ஆன்டிமணி சல்ஃபைடையும் கலந்து ஃப்ளாஷ் பொடி கண்டுபிடிச்சாங்க. கலவையைப் பார்த்தீங்களா? கிட்டத்தட்ட தீபாவளிப் பட்டாசு. ஒரு தட்டுல கொட்டிப் பத்த வெச்சா பளீர்னு ஒரு வெளிச்சம், பின்னாடியே அறை முழுக்க வெள்ளைப் புகை. அடுத்த படத்துக்குப் புகை அடங்குற வரைக்கும் காத்திருக்கணும். அளவு கொஞ்சம் தப்பினா கை, முகம், புருவம் எல்லாம் போயிடும். ஓலைப் பந்தலுக்குக் கீழே இதைக் கொளுத்த எந்த வீட்டுப் பெரியவர் சம்மதிப்பார்?

1929ல ஜெர்மனியில ஃப்ளாஷ் பல்பு வந்துச்சு. எரியறது கண்ணாடிக்குள்ளேயே நடந்ததால புகை இல்லை. ஆனா ஒரு பல்புக்கு ஒரே படம், அப்புறம் குப்பைக்கு. 1930கள்ல அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஹெரால்டு எட்ஜர்ட்டன், திரும்பத் திரும்ப மின்னக்கூடிய எலக்ட்ரானிக் ஃப்ளாஷை வளர்த்தெடுத்தார். அது சின்னதாகி, விலை குறைஞ்சு, நம்ம ஊர் போட்டோகிராபர் தோள்பை வரைக்கும் வர்றதுக்குள்ள இன்னும் சில பத்தாண்டுகள் ஓடிப்போச்சு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நம்ம ஊர் ஸ்டூடியோக்காரங்களோட செல்லப்பிள்ளை யாஷிகா மேட் 124ஜி, 1970ல வந்தது. லென்ஸ் எஃப் 3.5. ஒரு ரோலுக்கு 12 படம். டியூப்லைட் மட்டும் எரியற மண்டபத்துல, ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமைப் போட்டு ஃப்ளாஷ் இல்லாம எடுத்தா, ஏறக்குறைய மூணுல ஒரு நொடி ஷட்டர் திறந்திருக்கணும். அந்த நேரத்துக்குள்ள மாப்பிள்ளை ஒரு முடிச்சே போட்டுடுவார். அதனால ஃப்ளாஷ் கட்டாயம். ஃப்ளாஷ் ஒரு தடவை மின்னினா, 'உய்ய்ங்...'னு சத்தம் போட்டு, சிவப்பு விளக்கு எரிஞ்சு தயாராக எட்டு, பத்து நொடி ஆகும். பேட்டரி சோர்ந்துட்டா இன்னும் மோசம். முதல் முடிச்சு மாப்பிள்ளை, மீதி நாத்தனார், மேல வந்து விழுற அட்சதை, மறைச்சுக்கிட்டு நிக்கிற சித்தப்பா. இத்தனைக்கும் நடுவுல அவருக்கு வாய்ப்பு ஒரே ஒரு மின்னல்.

"சார், அப்படியே பிடிங்க, இங்க பாருங்க"ன்னு அவர் கத்தினது ரசனை இல்லாமலா? இல்லீங்க. அந்தப் படம் விழலைன்னா அந்த வீட்டுல அவருக்குக் காசும் கிடையாது, மரியாதையும் கிடையாது. வெள்ளை முகத்துக்கும் காரணம் இதேதான். தூரம் ரெண்டு மடங்கானா ஃப்ளாஷ் வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும். முன்வரிசை அத்தை வெந்து போவார், பின்வரிசை மாமா காணாமப் போவார்.

மழைக்காலத்துல கேக்கவே வேண்டாம். மார்கழி பிறந்துட்டா கல்யாணம் கிடையாதுங்கறதால ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள்ல கூட்டம் அள்ளும். சரியா அப்பதான் வடகிழக்குப் பருவமழை. மாப்பிள்ளை அழைப்புல பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு நடுவே ஃப்ளாஷ் அடிச்சா, லென்ஸுக்குப் பக்கத்துல விழுற துளியெல்லாம் வெள்ளை வட்டமா படத்துல உக்காந்துக்கும். ஃப்ளாஷையும் கேமராவையும் இணைக்கிற ஒயர் நனைஞ்சா மின்னவே மின்னாது. அடுத்த வருஷம் பார்த்தா லென்ஸுக்குள்ள பூஞ்சை.

எண்பதுகள்ல வீடியோ வந்ததும் ஒரு மின்னல் போதாமப் போச்சு. விடாம எரியற வெளிச்சம் வேணும். ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கை ஒரு பையன் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மணமேடையைச் சுத்துவான். மணப்பெண் கண்ணைச் சுருக்கி, வேர்த்து ஒழுக உக்காந்திருப்பாங்க. அந்தச் சூட்டையும், மண்டபம் முழுக்க இழுத்து விட்ட ஒயரையும் யாரும் பெரிசா எடுத்துக்கலை.

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். ஒரு கல்யாண மண்டபத்துல முகூர்த்த நேரம். வீடியோ கேமராவுக்குப் போன மின்கம்பியில மின்கசிவாகி கீற்றுக் கூரை பத்திக்கிச்சுன்னு பிறகு சொன்னாங்க. மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவங்க இறந்துட்டாங்க. அதே வருஷம் ஜூலையில கும்பகோணம் பள்ளித் தீயில 94 குழந்தைகள் போனதால, ஸ்ரீரங்கம் பலருக்கு மறந்தே போச்சு. பழைய கல்யாண கேசட்டுல அந்தப் பளீர் வெளிச்சம் வரும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். படம் எடுக்கத்தானே அந்த ஒயரை இழுத்தாங்க.

மூணே வருஷத்துல, 2007 ஆகஸ்ட்ல, நிகான் டி3 வந்துச்சு. ஐ.எஸ்.ஓ. 6400. நான் மேலே சொன்ன அதே டியூப்லைட் மண்டபம், எஃப் 2.8 லென்ஸ். இப்போ ஷட்டர் 250ல ஒரு நொடி. ஃப்ளாஷே வேண்டாம். மாப்பிள்ளை கேமராவைப் பார்க்கவும் வேண்டாம். அழற அம்மா, விரல் நடுங்குற மாப்பிள்ளை, அந்தரத்துல நிக்கிற அட்சதை, எல்லாம் இருக்கிற வெளிச்சத்துலயே விழுது. ஓமப்புகைகூட அழகாத் தெரியுது.

மழையும் இப்போ வேண்டாத விருந்தாளி இல்லை. ஜோடிக்குப் பின்னாடி ஃப்ளாஷை ஒளிச்சு வெச்சு அடிச்சா துளியெல்லாம் வெள்ளி மாதிரி மின்னுது. அதுக்குன்னே குடையோட வந்து நிக்கிறாங்க. குளிர்சாதன அறையிலேருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ்ல பனி படிஞ்சு கால் மணி நேரம் கண்ணு தெரியாமப் போறது மட்டும் இன்னும் மாறலை.

இப்பத்திய தலைவலி வேற. வரவேற்பு மேடையில ஊதா, பச்சை, சிவப்புன்னு எல்.ஈ.டி. சுத்துது. வெளிச்சம் தாராளமா இருக்கு, ஆனா மாப்பிள்ளை முகம் கத்திரிக்காய் கலர்ல வருது. போன மாசம் ஒரு கல்யாணத்துல போட்டோகிராபர் தம்பி மேடைக்குக் கீழே நின்னு கெஞ்சிக்கிட்டிருந்தார்: "அண்ணே, ரெண்டு நிமிஷம் அந்த லைட்டை அணைங்கண்ணே!"