'குறையாமல்' என்ற சொல்: துணை மருத்துவக் கல்வியும் அகளியின் ஆய்வுக்கூட மேசையும்

துணை மருத்துவம், உடல்நலப் பணிகள் ஆகியவற்றுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் நிறைவேறிய பின் எழுதப்பட்டவற்றில் ஒரு வாசிப்பு ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. சட்டத்தின் 2ஆம் பிரிவு இரு வகுப்பாரைப் பிரிக்கிறது. துணை மருத்துவப் பணியாளர் சொன்னதைச் செய்பவர், உடல்நலப் பணி வல்லுநர் சிந்தித்துச் செய்பவர். பல்கலைக்கழகப் பாடத்திட்டமும் அப்படியே பிரிய வேண்டும் என்பது அந்த வாசிப்பு. இது சட்டத்தின் சொற்களில் இல்லை. வாசித்தவர்களின் பழக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

வரையறைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். முதல் வகுப்பார் நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் துணைநிற்கும் தொழில்நுட்ப, செயல்முறைப் பணிகளில் பயின்றவர்கள். பட்டயமோ பட்டமோ பெற்றவர்கள். 2 முதல் 4 ஆண்டுகளில் 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்தவர்கள். இரண்டாம் வகுப்பார் ஆராய்பவர்கள், அறிவுரை கூறுபவர்கள், மேற்பார்வையிடுபவர்கள், அல்லது தடுப்பு, சிகிச்சை, மறுவாழ்வுச் சேவைகளை அளிப்பவர்கள், பட்டம் பெற்றவர்கள், 3 முதல் 6 ஆண்டுகளில் 3,600 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்தவர்கள். இந்த இரு எண்களைத்தான் இரு படிக்கட்டுகளாக எல்லாரும் காட்டுகிறார்கள். ஆனால் இரண்டுமே கீழ்வரம்புகள். 2,000க்குக் குறையாதது 3,600ஆகவும் இருக்கலாம், 4,500ஆகவும் இருக்கலாம். மேல்வரம்பு ஆண்டுக்கு உண்டு, மணிக்கு இல்லை. ஆக, நான்கு ஆண்டில் 3,600 மணி நேரத்தைத் தாண்டிய ஒரு பட்டப்படிப்பு, கால அளவைப் பொறுத்தவரை, இரண்டு வரையறைகளுக்கும் பொருந்தும். பிரிவினைக்கு எஞ்சுவது 'துணைநிற்கும்' என்ற சொல் மட்டுமே.

அந்தச் சொல்லும் மூடிய சொல் அன்று. இரண்டு வரையறைகளும் 'என்பது இதுவே' என்று தொடங்காமல், 'உள்ளடக்கும்' என்றே தொடங்குகின்றன. இந்திய நீதிமன்றங்கள் இவ்வகை வரையறையைப் பொதுவாக விரித்தே பொருள் கொள்ளும். தமிழில் நாம் வைத்துக்கொண்ட 'துணை' என்ற முன்னொட்டும் குழப்பத்தை வளர்த்திருக்கலாம். இத்தனைக்கும் துணைவேந்தரை யாரும் வேந்தரின் கையாள் என்று எண்ணுவதில்லை.

சொல்லாராய்ச்சியோடு நிறுத்தினால் இது வழக்கறிஞர் வேலையாகிவிடும். 'துணைநிற்பது' நடைமுறையில் எதைக் கேட்கிறது என்பதை அகளியில் பார்க்க முடிகிறது. கேரள மலைப்பகுதியான அட்டப்பாடியின் மூன்று ஊராட்சிகளில் ஒன்று அகளி. மற்றவை புதூர், சோலையூர். இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் அரிவாள் செல் ரத்தசோகை பரம்பரையாக வருவது. அகளிச் சமூக நல மையத்துக்கோ கோட்டத்தறைப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனைக்கோ வரும் ரத்தத்தில் அதைத் தேடுவதற்கான முதல் சோதனை எளியது. சோடியம் டைதயோனைட் கலந்த கரைசலில் ரத்தத்தை விட்டுக் குழாயின் பின்னால் கோடிட்ட அட்டையைப் பிடிக்க வேண்டும். கோடு தெரிந்தால் இல்லை. கலங்கி மறைந்தால் உண்டு. 'செயல்முறைப் பணி' என்று சட்டம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

எளிமை அதோடு முடிகிறது. கலங்கிய குழாய், ஒற்றை மரபணு மட்டும் உள்ளவரையும் நோயுள்ளவரையும் வேறுபடுத்தாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் மின்புலப் பகுப்போ எச்பிஎல்சி கருவியோ வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் சிசு ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் நோயிருந்தும் குழாய் தெளிவாகவே நிற்கக்கூடும். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவரிடமும் விடை பிழையாகலாம். கடும் ரத்தசோகை உள்ளவரிடம் எடுத்த அளவு ரத்தம் போதாமல் கலங்கல் தெரியாமலே போகலாம். அளவைக் கூட்ட வேண்டும். 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிசு மரணங்களும் தாய்மாரின் ஊட்டக்குறைவும் செய்தியான நிலப்பகுதியில் இந்தக் கடைசிக் குறிப்பு பாடநூலின் அடிக்குறிப்பாக இருக்க முடியாது. குழந்தையின் வயதைக் கேட்பது, வெளிறிய ரத்தத்தை ஐயுறுவது, ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வது ஆகியவற்றை மருத்துவர் எழுதித் தருவதில்லை. அவர் கைக்குத் தாள் போகும்போது பிழை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். துணைநிற்பது என்றால் இங்கே தீர்ப்பிடுவது.

2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. ஒழிப்புக்கு 2047 கெடு. சோதிக்கப்பட்டவருக்கு முடிவைக் காட்டும் அட்டையும் உண்டு. அட்டையை வாங்கியவர் கேட்கும் முதல் கேள்வி, 'என் பிள்ளைக்கும் வருமா' என்பதாகவோ திருமணத்தைப் பற்றியதாகவோ இருக்கும். அதற்கு எந்த மொழியில் விடை சொல்வது? இருள மொழி தமிழுக்கு நெருக்கமானது, அலுவலக மொழி மலையாளம், அறிக்கை ஆங்கிலம். அகளிப் பிள்ளைகள் மலைப்பாதையிறங்கி மண்ணார்க்காடு வழியாகவோ, ஆனைகட்டி தாண்டிக் கோயம்புத்தூரிலோ படிக்கப் போகலாம். திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள உடல்நல அறிவியல் பல்கலைக்கழகமோ, சென்னையின் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமோ பட்டம் தரலாம். எங்கே படித்தாலும் ஊர்மூப்பனிடம் சென்று விளக்கும் திறன் வேண்டும். அதைத் தேர்வில் சோதிக்காத பட்டம் பாதிப் பட்டம்.

இந்தியாவில் அரிவாள் செல்லை முதலில் அறிவித்த 1952ஆம் ஆண்டுக் கட்டுரை, அட்டப்பாடிக்கு அண்டையிலுள்ள நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றியது. எழுதியவர்கள் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ். கட்புஷ் ரத்தவகை ஆய்வுக்கூடப் பணியில் பெயர் பெற்றவர். 1950இல் டஃபி ரத்தவகையை அறிவித்த மூவரில் ஒருவர். ஒரு கட்டுரையின் ஆசிரியப் பட்டியலிலிருந்து ஒரு தொழிலின் உரிமையைப் பெறுவது துணிச்சல்தான். ஆனாலும் இந்த நோயின் இந்திய வரலாறு சோதனை மேசையிலிருந்து தொடங்குகிறது என்பதை மறுக்க முடியாது.

எதிர்வாதங்கள் உண்டு. சட்டத்தின் அட்டவணை பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டுக் குறியீடுகளைப் பின்பற்றுகிறது. அந்த வகைப்பாட்டில் ஆய்வுக்கூடப் பணியாளர்கள் 3 என்று தொடங்கும் தொழில்நுட்பர் தொகுதியில் 3212 என்ற எண்ணில் இருக்கிறார்கள். அது புள்ளிவிவரக்காரர்களின் வசதிக்கான எண், பாடத்திட்டம் அன்று. நோயறிதல் மருத்துவரின் உரிமை என்பாரோடு எனக்குப் பூசல் இல்லை: தெளிந்த குழாயை நம்பாதே என்று கற்பிப்பது யாருடைய உரிமையையும் பறிக்காது. கற்பிக்க ஆளில்லை என்ற வாதத்துக்கு விடை தேவையென்றே நான் கருதவில்லை.

மேலே சொன்ன இரு பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடப் பட்டப்படிப்பின் பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதியைக் கோட்டத்தறை போன்ற இடங்களில் வைக்க வேண்டும். முடிவை நோயாளியின் மொழியில் விளக்குவதைச் செய்முறைத் தேர்வில் சேர்க்க வேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை. 2,000 என்ற எண்ணோடு 'குறையாமல்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.