பீங்கான்: ஒரு கிண்ணம் மண்ணான கதை

மின்சாரம் போகும் இரவுகளில்தான் பீங்கானைக் கையில் பிடித்துப் பழகினேன். அம்மா டார்ச் பிடிக்க, அப்பா ஸ்டூலில் ஏறி மீட்டர் பலகையிலிருந்து வெள்ளைப் பியூஸ் கட்டையைப் பிடுங்கி என்னிடம் நீட்டுவார். "பீங்கான்டா, கீழ போட்றாத." வழுவழுவென்று கனமாக, கோடையிலும் சில்லென்று இருக்கும். கருகிய கம்பியைக் கழற்றிப் புதுக் கம்பி சுற்றும்வரை அதைப் பத்திரமாக வைத்திருப்பது என் வேலை. அது விருத்தாசலத்தில் செய்த கட்டை என்று ஒருநாள் சொன்னார். அதுவரை எனக்கு விருத்தாசலம் என்றால் ரயில் மாறும் ஜங்ஷன். சேலத்துப் பாதையும் கடலூர்ப் பாதையும் விழுப்புரம் திருச்சிப் பாதையும் வந்து சேரும் இடம். அங்கே மண்ணைச் சுட்டு மின்சாரத்துக்குக் கட்டை செய்கிறார்கள் என்பது பெரிய செய்தியாக இருந்தது.

அதே வீட்டில் பாட்டிக்குப் பீங்கான் என்றால் தட்டு. அதுவும் வீட்டுக்குள் நுழையக் கூடாத தட்டு. பித்தளையும் வெண்கலமும் புளி போட்டுத் தேய்த்தால் சுத்தமாகிவிடும். மண்சட்டியில் எச்சில் பட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, உடைத்துத்தான் போடவேண்டும். பீங்கான் எவ்வளவு பளபளத்தாலும் மண்தான் என்பது அவள் கணக்கு. வெளியாளுக்குத் தனித்தட்டு வைக்கும் அந்த வழக்கத்தில் எத்தனை பேர் மனம் புண்பட்டிருக்கும் என்பது இன்று நினைக்க வலிக்கிறது. ஆனால் அவளுடைய ஆவக்காயும் எலுமிச்சையும் ஊறியதும் அதே சுட்ட மண்ணில்தான். மேலே பழுப்பு, கீழே வெண்மஞ்சளாக இருந்த அந்தக் கலத்தை அவள் பீங்கான் என்று ஒருபோதும் சொன்னதில்லை. அது ஜாடி. பெயர் வேறாக இருந்ததால் அது அடுக்களைக்குள் இருந்தது.

வீடு கட்டும்போது மூன்றாவது பொருள் வந்தது. ஹார்டுவேர் கடையில் அப்பா "கக்கூஸ் பீங்கான்" விலை கேட்டார். கக்கூஸ் டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பீங்கான் யார் விட்டுப்போனது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. சாப்பிடும் தட்டு, மின்சாரக் கட்டை, கழிவறைத் தொட்டி, இவை மூன்றுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இதை வெளியிலிருந்து வந்த சொல்லாகவே காட்டுகிறது. மூலம் பாரசீகத்து 'பிங்கான்'. அங்கே அதற்குக் கிண்ணம் என்று பொருள். களிமண்ணோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. செம்புக் கிண்ணமும் பிங்கான்தான். குறிப்பாக ஒரு செம்புக் கிண்ணத்துக்கு இந்தப் பெயர் உண்டு. அதன் அடியில் ஊசித் துளை இருக்கும். பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால், துளை வழியே நீர் ஏறி, குறித்த நேரத்தில் மூழ்கும். ஈரானின் வறண்ட ஊர்களில் நிலத்தடிக் கால்வாய்த் தண்ணீரை இன்னாருக்கு இத்தனை கிண்ணம் என்று பங்கு வைத்தது இதை வைத்துத்தான். இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதே கருவி நம்மிடமும் இருந்தது: நாழிகை வட்டில். முல்லைப்பாட்டில் அதற்குக் கன்னல் என்று பெயர். நம் வட்டிலும் அப்படித்தான், ஒரு கையில் நேரம் அளக்கும் கலம், இன்னொரு கையில் சோறு உண்ணும் கலம். பாரசீகத்துப் பிங்கானும் தமிழ் வட்டிலும் பொருளளவில் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

அந்தச் சொல் மேற்கே போனபோது அரபியில் ப என்ற ஒலி இல்லாததால் 'ஃபிஞ்ஜான்' ஆயிற்று. அரபு வீடுகளில் விருந்தாளிக்குக் காப்பி ஊற்றித் தரும் பிடியில்லாத சிறு கோப்பை அதுதான். துருக்கியரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். கிழக்கே வந்தபோது மலையாளத்தில் பிஞ்ஞாணம், சிங்களத்தில் பிங்கான, மலாயில் பிங்கன். மூன்றிலும் பொருள் தட்டு. மலையாளத்தின் ஞகரத்தில் அரபு வாடையும் தமிழின் ஙகரத்தில் பாரசீக வாடையும் அடிக்கின்றன என்பது என் ஊகம். இரு கரைகளுக்கும் சொல் இரண்டு கப்பல்களில் வந்து இறங்கியிருக்கலாம்.

கலம் சீனாவில் செய்தது, பெயர் பாரசீகத்தில் பிறந்தது. இதில் முரண் இல்லை. செய்தவனை நாம் பார்க்கவில்லை, கொண்டுவந்து விற்றவனைத்தான் பார்த்தோம். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனக் கலங்களின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. விருத்தாசலத்துக்குத் தெற்கே வெள்ளாற்றைத் தாண்டினால் கங்கைகொண்டசோழபுரம். அங்கே மாளிகைமேட்டு அகழாய்விலும் சீனக் கலங்களின் துண்டுகள் வந்தன. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் சூளை எழும்புவதற்குப் பல நூற்றாண்டு முன்பே பக்கத்து அரண்மனையில் பீங்கான் புழங்கியிருக்கிறது.

இந்திக்காரர்கள் இதைச் 'சீனி மிட்டி' என்கிறார்கள், சீனத்து மண். ஆங்கிலேயன் நாட்டின் பெயரையே கலத்துக்கு வைத்துவிட்டான். அதே 'சீனி' நம்மிடம் சர்க்கரையாக நின்றுவிட்டது. வாணலிக்குச் சீனச்சட்டி என்ற பெயரும் வந்தது. மண்ணுக்கு மட்டும் பாரசீகத்துக் கிண்ணம். இங்கேதான் தமிழ் தன் வேலையைச் செய்தது. மலையாளியும் சிங்களவரும் மலாய்க்காரரும் கலமாகவே வைத்துக்கொண்ட சொல்லை நாம் (தெலுங்கரும் கன்னடரும் கூட) மூலப்பொருளின் பெயராக்கினோம். பீங்கான் தட்டு என்கிறோம். கிண்ணம் என்ற பழைய பொருளில் பார்த்தால் அது 'கிண்ணத் தட்டு', பொருளற்றது. சொல் கலத்தை விட்டு, கலம் செய்த மண்ணுக்குள் இறங்கிவிட்டதால்தான் அப்படிச் சொல்ல முடிகிறது. ஆனால் கிழக்குக் கடற்கரை முஸ்லிம் வீடுகளில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது: வேத வசனம் ஓதி எழுதிய பீங்கானைக் கழுவிக் குடிப்பது என்றால், அங்கே பீங்கான் கலமேதான்.

மூலப்பொருளின் பெயரானதால் சொல்லின் கதவு அகன்றது. இரும்புத் தகட்டில் எனாமல் பூசிய தட்டும் பீங்கான் தட்டாயிற்று. விளிம்பு சிதைந்து கறுப்பு இரும்பு தெரிந்தாலும் பெயர் மாறவில்லை. தொட்டி, பொம்மை, கம்பத்தின் மேலிருக்கும் இன்சுலேட்டர் என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் போயிற்று. கிண்ணமே இல்லாத பீங்கானுக்கு ஓர் ஊரைக் காட்டச் சொன்னால் விருத்தாசலத்தைத்தான் காட்டவேண்டும்.

விருத்தாசலம் என்ற பெயரே ஒரு மொழிபெயர்ப்பு. தேவாரத்தில் இது திருமுதுகுன்றம். பழமலை என்றும் சொல்வார்கள்; இறைவன் பழமலைநாதர். முதுகுன்றத்தை வடமொழியில் ஆக்கியது விருத்தாசலம். புதுமைப்பித்தனுக்குப் பெற்றோர் இட்ட பெயரும் அதுதான். ஆனால் மணிமுத்தாற்றங்கரையில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை கிடையாது. மலைகளுக்கெல்லாம் மூத்த மலை இங்கே கோயிலுக்கடியில் அடங்கியிருக்கிறது என்பது தலபுராணம். 10ஆம் நூற்றாண்டில் செம்பியன்மாதேவி கற்றளியாக எடுப்பித்த கோயில், பெயரில் மட்டும் மலை.

பீங்கானுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண்ணுக்கு உலகம் வைத்த பெயரும் ஒரு மலையின் பெயர். கயோலின் என்பது சீனத்து ஜிங்தேஜென் நகருக்கு அருகிலுள்ள காவோலிங். 'உயர்ந்த மேடு' என்று பொருள். அங்கே இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்திரகோல் 1712இல் எழுதிய கடிதம் அந்தப் பெயரை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயிற்று. ஐரோப்பியர் அந்த ரகசியத்துக்காக நூற்றாண்டுக் கணக்கில் தவித்தவர்கள். ஜெர்மனியின் மைசனில் 1710இல்தான் அவர்களுடைய முதல் ஆலை எழுந்தது. இங்கிலாந்தில் வில்லியம் குக்வொர்தி என்ற மருந்து வணிகர் கார்ன்வாலில் அந்த மண்ணைக் கண்டுபிடித்து 1768இல் காப்புரிமை வாங்கினார். அந்த மண் கப்பலிலும் கால்வாயிலும் ஏறி ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஊர்களுக்குப் போனது. குயவர் சூளைகளால் பெயர்பெற்ற அந்த வட்டாரத்தில் விருந்துக்குப் போனாலும் தட்டைத் திருப்பி அடிமுத்திரை பார்க்கும் பழக்கம் உண்டு. நான் அப்பாவின் பியூஸ் கட்டையைத் திருப்பிப் பார்த்ததும் அதே ஆவலில்தான். கார்ன்வாலில் மண்ணை எடுத்தபின் கொட்டிய கழிவு மணல் வெண்குன்றுகளாக நிற்கிறது. விருத்தாசலத்தை அடுத்த நெய்வேலியிலும் நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணைக் கொட்டிக் கொட்டி மலைகள் எழும்பிவிட்டன. அந்த மேல்மண் அடுக்குகளுக்குள்ளேதான் நமது வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. பழுப்பு நிலக்கரிக்குத் தோண்டியவர்கள் வழியில் பீங்கானைக் கண்டார்கள்.

அந்த மண்ணை நம்பித்தான் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையும், பட்டயப் படிப்பு தரும் அரசு செராமிக் தொழில்நுட்ப நிறுவனமும் வந்தன. ஊரார் தொழிலைச் 'செராமிக்' என்றே சொல்கிறார்கள். கிரேக்கத்தில் அது குயவன் மண்; ஏதென்ஸில் ஒரு குயவர் பகுதியே அந்தப் பெயரில் இருந்தது. கலைச்சொல் ஆக்குபவர்கள் 'வெங்களி' என்று ஒன்று தந்திருக்கிறார்கள். வெந்த களி, நல்ல சொல்தான். ஆனால் சூளைக்காரர் வாயில் ஏறவில்லை.

சில ஆண்டு முன்பு பேட்டையில் ஒரு ஷெட்டுக்குள் போனேன். ஒரு பக்கம் ஈரப்பொடியை இரும்பு அச்சில் கொட்டிக் கைப்பிரஸ்ஸால் அழுத்திப் பியூஸ் கட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் பிளாஸ்டர் அச்சுகளில் கூழ்மண்ணை ஊற்றிக் கொலு பொம்மைகள். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, சுவரோடு மண் படிந்து பொம்மை உருவாகிறது. அச்சிலிருந்து எடுத்த பிள்ளையார்களின் ஓரப் பிசிறை இரண்டு பெண்கள் ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சூட்டில் எல்லாமே கொஞ்சம் சுருங்கும் என்பதால் அச்சைப் பெரிதாகவே வெட்டவேண்டும்.

"தட்டு, கப்பெல்லாம் பண்றதில்லீங்களா?" என்று சூளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டேன்.

"தட்டு எங்க தம்பி. பியூஸும் பொம்மையுந்தான். ஐப்பசி வந்தா அகல்."

அடுக்கில் இருந்த பொம்மைகளைக் காட்டி, இதெல்லாம் பீங்கானா என்றேன். தலையை ஆட்டினார். "இது பச்ச மண்ணு. அது பிஸ்கட்டு, ஒரு சூடு முடிஞ்சது. கிளேஸ் அடிச்சு இன்னொரு சூடு வாங்கி வெளிய வரும்போதுதான் பீங்கான்."

பிஸ்கட் ஆகியிருந்த ஒரு சின்னப் பிள்ளையாரை எடுத்து என் கையில் வைத்து, நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஈரத்தை இழுத்துக்கொண்டு நாக்கில் ஒட்டிக்கொண்டது. மெதுவாகப் பிரித்தெடுத்துத் துடைத்து அடுக்கில் திருப்பி வைத்தேன். அது அன்று இரவுச் சூளைக்கு.