கடினத்தில் 9ஆம் இடம், பெயரோ தமிழ்



"விஞ்ஞானம் எல்லாம் நம்ம ஆக்கள் எப்பவோ கண்டுபிடிச்சது" என்று ஒரு சாரார். "வெள்ளைக்காரன் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை" என்று இன்னொரு சாரார். கல்லின் கடினத்தை மனிதன் அளந்த வரலாற்றைப் பார்த்தால் இரண்டு பேச்சும் நிற்காது.

1812இல் ஜேர்மனியரான பிரடெரிக் மோஸ் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். விதி எளிது: எது மற்றதைக் கீறுகிறதோ அதுவே கடினமானது. டல்க் 1, குவாட்ஸ் 7, வைரம் 10. 9ஆம் இடத்தில் கொரண்டம். இரத்தினபுரியில் தோண்டி எடுக்கும் நீலக்கல்லும் சிவப்பு மாணிக்கமும் இந்தக் கொரண்டம்தான். 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்தான் ஐரோப்பாவுக்குப் போய் அப்படி ஆனது.

சூரா ரஹ்மானில் 'யாகூத்' என்று ஓதுகிறோமே, அரபிகள் இந்தக் கல்லை அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். 973இல் பிறந்த அல்பிரூனி, ஸரன்தீபின் யாகூத் பற்றியும் எழுதியவர். நீர் நிறைந்த பாத்திரத்தில் கல்லைப் போட்டு, வழிந்த நீரை நிறுத்தார். நீல யாகூத்தை 100 என்று வைத்து மற்றக் கற்களை அதோடு ஒப்பிட்டார். பார்வைக்கு மாணிக்கம் போலவே இருக்கும் பதக்‌ஷான் 'லஃல்' கல்லை வேறு கல்லாகவே எழுதினார். இன்று அதை ஸ்பினல் என்கிறோம், கடினம் 8. பிரித்தானிய முடியில் 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' என்று பேர்பெற்ற கல்லும் மாணிக்கமல்ல, ஸ்பினல்தான்!

ஆக, பெயர் தமிழ். நிறுத்துப் பார்த்த முறையில் அல்பிரூனி முன்னோடி. கீறல் அளவுகோல் மோஸினுடையது. யாருடைய பங்கை யாருக்கும் மாற்றிக் கொடுக்கத் தேவையில்லை.

பிள்ளைகள் குழம்பும் இரண்டு இடங்கள்:

1. மோஸ் எண்கள் வரிசை மட்டுமே. 9க்கும் 10க்கும் ஒரு படிதான், ஆனால் வைரம் கொரண்டத்தை விடப் பல மடங்கு கடினம். உலோகங்களுக்கு இந்த வரிசை போதவில்லை. அதனால்தான் 1900இல் சுவீடனின் பிரினெல், உருக்குக் குண்டை உலோகத்தில் அழுத்தி, விழுந்த பள்ளத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

2. கடினம் வேறு, உடையாமை வேறு. வைரத்தைக் கீறுவது கஷ்டம். சுத்தியலால் அடித்தால் நொறுங்கும்.

நம் கடற்கரை மணலில் குவாட்ஸ் உண்டு. ஒரு போத்தல் துண்டில் மணலைத் தேய்த்துக் காட்டுங்கள், கண்ணாடி கீறும். பிள்ளைக்கு அதுவே முதல் பாடம். மோதிரக் கல்லை மட்டும் கீறிப் பார்க்காதீர்கள். அசல் என்றாலும் போலி என்றாலும் நட்டம் உங்களுக்குத்தான்.