பதினாறு முதல் பத்தொன்பது வரை: இங்கிலாந்தில் அரசு எதற்குப் பணம் கொடுக்கிறது?

ரொறன்ரோவில் இருக்கும் உறவினரின் பிள்ளை பாடசாலையில் படிக்கும்போதே கொலிஜ் பாடம் ஒன்றை முடித்து, அதற்குரிய புள்ளியையும் பெற்றுவிட்டது என்று கேள்விப்படுகிறோம். "இலண்டனில் எங்கள் பிள்ளைக்கு இப்படி ஒன்று இல்லையா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே.

ஒன்ராறியோவில் இதை இரட்டைப் புள்ளித் திட்டம் என்கிறார்கள். மாணவர் கட்டணம் கட்டுவதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1985இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. ஸ்கொட்லாந்தில் பாடசாலையின் ஆறாம் ஆண்டு மாணவர்கள் திறந்த பல்கலைக்கழகத்தின் பாடமொன்றைப் படிக்க வழியுண்டு. இங்கிலாந்தில் இத்தகைய பொதுவான ஏற்பாடு கிடையாது.

யூகாஸ் புள்ளிகளைப் பல்கலைக்கழகப் புள்ளிகள் என்று நினைப்போர் பலர். இரண்டும் வேறு. ஏ லெவலில் ஏ பெறுபேற்றுக்கு 48, ஈபிகியூ என்ற ஆய்வுத் திட்டத்தில் ஏ ஸ்டாருக்கு 28 என வரும் யூகாஸ் புள்ளிகள் அனுமதிக்கு மட்டுமே உதவும். பட்டத்துக்குத் தேவையான 360 புள்ளிகளில் ஒன்றைக்கூட அவை குறைக்கமாட்டா.

வயதே கணக்கு

இங்கிலாந்தின் அரச பணம் மாணவரின் வயதைப் பின்தொடர்கிறது. 2025–26இல் 16, 17 வயது முழுநேர மாணவர் ஒருவருக்குக் கல்லூரி பெறும் அடிப்படைத் தொகை 5,105 பவுண். கல்வியாண்டுத் தொடக்கத்தில் 18 வயதானவருக்கு இது குறைவு. 2014இல் 4,000 பவுண் 3,300 ஆக வெட்டப்பட்டதிலிருந்து இந்த வேறுபாடு தொடர்கிறது. பிந்தி வந்து, ஆங்கிலம் படித்து, மூன்றாவது ஆண்டும் தேவைப்படும் அகதிப் பிள்ளைகளின் கல்லூரிக்கே குறைந்த பணம் போகிறது.

வீட்டுக்கு வரும் பணம்

2004 முதல் இங்கிலாந்து முழுவதும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு வாரம் 30 பவுண் வரை கல்விக் கொடுப்பனவு கிடைத்தது. வருமான எல்லைக்குள் இருந்தால் அது உரிமை. 2011இல் அது நிறுத்தப்பட்டு, 16–19 உதவி நிதி வந்தது. பராமரிப்பில் இருப்போர் போன்ற சில பிரிவினருக்கு ஆண்டுக்கு 1,200 பவுண் வரை கிடைக்கலாம். ஏனையோருக்கு யாருக்கு, எவ்வளவு என்பதைக் கல்லூரியே தீர்மானிக்கும். ஆகவே கேட்காதவருக்குக் கிடைக்காது. செப்டெம்பரிலேயே மாணவர் உதவிப் பிரிவில் விண்ணப்பப் படிவம் வாங்குங்கள். புகலிட முடிவுக்காகப் பெற்றோருடன் காத்திருக்கும் பிள்ளைக்குக் காசாகக் கொடுக்க முடியாவிட்டாலும், புத்தகம், பயண அட்டை போன்றவற்றைக் கல்லூரி கொடுக்கலாம்.

பிள்ளைக்கு 16 வயதானதும் சைல்ட் பெனிபிட் தொடர, படிப்புத் தொடர்வதை வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் திறக்காமல் வைத்தால் பணம் நின்றுவிடும். படிப்பு சராசரியாக வாரம் 12 மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டும். 19 வயதுக்கு முன் தொடங்கிய படிப்பென்றால் 20 வயது வரை தொடரலாம்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. எச்என்சி, எச்என்டி போன்ற பல்கலைக்கழகத் தரப் படிப்பு இந்தக் கணக்கில் சேராது. ஒன்ராறியோ பிள்ளைக்கு அரசு பணம் கட்டும் அதே வகைப் படிப்புக்கு மாறினால், இங்கே சைல்ட் பெனிபிட் நிற்கும். யூனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்கான பகுதிக்கும் இதே விதிதான்.

ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்க

ஸ்கொட்லாந்தில் பட்டம் நான்கு வருடம். ஏ லெவல் பெறுபேறு நன்றாக இருந்தால் சில பல்கலைக்கழகங்களில், சில பாடங்களில், நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2025–26இல் இங்கிலாந்து மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண் வரை. ஒரு வருடக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் மிச்சம். விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்க வேண்டும்.

17 வயதில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு 19 வயதோடு கதவு மூடிவிட்டது என்று வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். 19 முதல் 23 வயது வரை, முதலாவது முழு மூன்றாம் நிலைத் தகைமையை, அதாவது ஏ லெவலுக்கு நிகரானதை, கட்டணமின்றிப் படிக்கச் சட்ட உரிமை உண்டு. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர் இதற்கு மூன்று வருட வதிவிடத்தைக் காட்டத் தேவையில்லை. அந்தஸ்துக் கடிதத்தோடு கல்லூரிக்குப் போனால் போதும்.