மொகீனேர் கோராகுலி: கல்கத்தாவின் நாட்டார் ராக் இசை

1970களின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்யாய் தொடங்கிய மொகீனேர் கோராகுலி, வங்கமொழியில் சொந்தப் பாடல்களை இயற்றிப் பாடிய முதல் ராக் குழு எனப் பரவலாகக் கருதப்படுகிறது. நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று மீண்ட அவர், வங்கத்தின் நாடோடி ஞானப் பாடகர்களான பாவுல்களின் மெட்டுகளையும், ஜாஸையும், மின்கிட்டாரின் முழக்கத்தையும் ஒன்றாகக் கலந்ததால், அவ்விசை நாட்டார் ராக் வகையிலும், கேட்போரின் புலனுணர்வைக் கலைத்துக் கனவுநிலைக்கு இட்டுச்செல்ல முயலும் சைக்கடெலிக் வகையிலும் ஒருசேர வைத்துப் பேசப்படுகிறது. குழுவின் பெயரே ஜீவனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து பெறப்பட்டது என்பதிலிருந்து, மேற்கத்திய ஒலியை ஏற்ற இவ்விளைஞர்கள் வங்க நவீனக் கவிதையில் எவ்வளவு ஊறியிருந்தனர் என்பது விளங்கும்.

காதலும் பக்தியுமே பாடுபொருளாயிருந்த சூழலில் நகரத்தையும் அரசியலையும் வறுமையையும் பாடிய இக்குழு, 1977 முதல் 1979 வரை மூன்று சிறிய இசைத்தட்டுகளை வெளியிட்டும் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. திரையிசைக்கும் ரவீந்திர சங்கீதத்துக்கும் பழகிய காதுகளுக்கு அது அந்நியமாகப் பட்டதில் வியப்பில்லை. 1981 வாக்கில் குழு கலைந்தது.

1995இல் கௌதம் இளைய பாடகர்களைச் சேர்த்துத் தொகுத்த 'ஆபார் பொச்சோர் குரி பொரே' ஒலிநாடாதான், அப்போது முளைவிட்டுக்கொண்டிருந்த வங்க ராக் குழுக்களிடம் இப்பாடல்களைக் கொண்டுசேர்த்தது. 1999இல் அவர் மறைந்தார். 2006இல் வெளியான 'கேங்ஸ்டர்' இந்திப்படப் பாடலொன்று இக்குழுவின் மெட்டைத் தழுவியே அமைந்தது.