கணக்கில் பணம் இருக்கிறது, கைக்கு ஏன் வரவில்லை?

செமோர் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் சம்பள நாள் என்றால் ஆபீஸ் வாசலில் வரிசை நிற்கும். கிராணி பெயரைக் கூப்பிட்டு, பணத்தை எண்ணிக் கையில் கொடுப்பார். வாங்கிய அந்த நொடியிலிருந்தே அது நம் பணம். இன்று ஈப்போவுக்கும் கிளேபாங்கிற்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. குத்தகை வேலை செய்பவருக்குக் காசோலை கிடைக்கிறது. ஆனால் கணக்கில் தெரியும் பணம் எல்லாமே உடனே செலவு செய்யக்கூடிய பணம் அல்ல. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் ஏடிஎம் முன்னால் ஏமாந்து நிற்கிறார்கள். சிலர் வீண் கட்டணமும் கட்டுகிறார்கள்.

காசோலை போட்டால் எப்போது பணம்?

வங்கிக் கணக்கில் இரண்டு தொகைகள் தெரியலாம். ஒன்று, பதிவாகியிருக்கும் மொத்த இருப்பு. மற்றொன்று, எடுக்கக்கூடிய இருப்பு. இடையில் நிற்கும் தொகையை வங்கியில் 'ஃபுளோட்' என்பார்கள்.

காசோலையைப் போட்டதும் அதன் படம் மின்னியல் முறையில் காசோலை கொடுத்தவரின் வங்கிக்குப் போகிறது. அங்கே கையெழுத்தும் இருப்பும் சரிபார்க்கப்படும். நேர வரம்பிற்குள் போட்ட காசோலைக்கு அடுத்த வேலை நாளில் பணம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை நேரத்தோடு போட்டால் திங்கட்கிழமை எடுக்கலாம். நேரம் தாண்டிவிட்டால் திங்கள்தான் போட்ட நாளாகக் கணக்கிடப்படும், பணம் செவ்வாய்க்கிழமை. இடையில் தீபாவளி போன்ற பொது விடுமுறை வந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளும். நேர வரம்பு வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் போடும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் இடமும் இதுதான். பழைய மோட்டார் சைக்கிளை விற்பவரின் கணக்கில் ஒருவர் காசோலையைப் போட்டுவிட்டு, "பணம் ஏறிவிட்டது, பாருங்கள்" என்பார். தெரிவது ஃபுளோட் மட்டுமே. மறுநாள் காசோலை திரும்பிவிடும். வண்டி போனது போனதுதான். எடுக்கக்கூடிய இருப்பில் பணம் சேரும் வரை சாவியைக் கொடுக்கக்கூடாது. ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டால் உடனே தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

பணம் அவசரம் என்றால் காசோலைக்குப் பதில் 'டூயிட்நவ்' வழி அனுப்பச் சொல்லலாம். அது உடனே வந்து சேரும். தனிநபர்கள் 5,000 வெள்ளி வரை அனுப்பக் கட்டணம் இல்லை. காசோலை எழுதுபவருக்கோ 2015 முதல் ஒவ்வொன்றுக்கும் 50 சென் கட்டணமும், அதோடு 15 சென் முத்திரை வரியும் உண்டு.

பெட்ரோல் நிலையத்தில் 200 வெள்ளி

எண்ணெய் ஊற்றும் இடத்திலேயே கார்டைச் செருகினால், போட்டது 20 வெள்ளிக்குத்தான் என்றாலும் பொதுவாக 200 வெள்ளி வரை பிடித்து வைக்கப்படும். எவ்வளவு எண்ணெய் போடுவார் என்பது இயந்திரத்திற்கு முன்கூட்டியே தெரியாது என்பதே காரணம். மீதி திரும்பி வரும். ஆனால் சில வேளைகளில் ஓரிரு நாள் ஆகலாம். கணக்கில் 250 வெள்ளி மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்திற்கு அந்த ஓரிரு நாள் பெரிய விஷயம். டெபிட் கார்டு வைத்திருப்பவர்கள் உள்ளே முகப்பில் தொகையைச் சொல்லிக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

இருப்புக்கு மேல் எடுத்தால்

அமெரிக்காவில் இருப்புக்கு மேல் கார்டைத் தேய்த்தால் வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு தடவைக்கு 35 டாலர் வரை அபராதம் பிடிப்பது வழக்கமாக இருந்தது. மலேசியாவில் சாதாரண சேமிப்புக் கணக்கில் அப்படி இல்லை. பணம் போதாவிட்டால் கார்டு ஏற்கப்படாது, அவ்வளவுதான்.

ஓவர்டிராஃப்ட் என்பது நடப்புக் கணக்கிற்கு விண்ணப்பித்துப் பெறும் கடன் வசதி. கடைக்காரர்களும் குத்தகையாளர்களும் பயன்படுத்துவது. எடுத்த தொகைக்கு நாள் கணக்கில் வட்டி ஓடும்.

அந்த வசதி இல்லாமல், இருப்பும் இல்லாமல் காசோலை எழுதினால்தான் ஆபத்து. காசோலை திரும்பினால் எழுதியவருக்கு 100 வெள்ளி வரை கட்டணம் விழலாம். 12 மாதத்தில் மூன்று முறை இப்படி நடந்தால் நடப்புக் கணக்கு மூடப்படலாம். ஃபுளோட்டில் நிற்கும் பணத்தை நம்பி வேறொருவருக்குக் காசோலை எழுதுவது இந்த நிலைக்குத்தான் கொண்டுவிடும்.

அப்பா அம்மாவின் பழைய புத்தகம்

தோட்டத்தில் இருந்தபோது திறந்த சேமிப்புக் கணக்குப் புத்தகம் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கும். 12 மாதம் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்ற கணக்காகிவிடும். அதன்பின் ஆண்டுக்கு 10 வெள்ளி கட்டணம் பிடிக்கப்படலாம். 10 வெள்ளியோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் வங்கி கணக்கையே மூடிவிடலாம். ஆண்டுக்கு ஒரு முறை சிறு தொகை போட்டு எடுத்தாலே கணக்கு உயிரோடு இருக்கும்.

ஏழு ஆண்டுகள் தொடாமல் விட்டால், 1965ஆம் ஆண்டு கோரப்படாத பணச் சட்டத்தின்படி பணம் அரசாங்கத்தின் கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்ச் சேரும். அது தொலைந்துவிட்ட பணம் அல்ல. மலேசியக் கணக்காளர் நாயகம் துறையின் 'இகுமிஸ்' இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். பெற்றோர் காலமாகியிருந்தால் வாரிசுகள் விண்ணப்பிக்கலாம்.

குறைந்த வருமானக்காரர்கள் வங்கியில் 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' வேண்டும் என்று கேட்டுத் திறக்கலாம். 20 வெள்ளி போதும். மாதம் 6 முறை முகப்பிலும் 8 முறை ஏடிஎம்மிலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். வேறு வங்கியின் ஏடிஎம்மில் எடுத்தால் 1 வெள்ளி போகும் என்பதை மறக்க வேண்டாம்.

தவறாகப் பிடித்துவிட்டால்

முதலில் சம்பந்தப்பட்ட வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் பேங்க் நெகாராவை 1-300-88-5465 எண்ணில் கேட்கலாம். 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடமும் 250,000 வெள்ளி வரையிலான பிணக்குகளைக் கொண்டுபோகலாம். வங்கியின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்திற்குள் போக வேண்டும். பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை.

பத்து வெள்ளிக்குப் போய் யார் அலைவது என்று விட்டுவிடுவதுதான் நம்மிடம் உள்ள வழக்கம். மாதம் ஒரு முறை கணக்கு அறிக்கையை வரி வரியாகப் படித்தாலே போதும். புரியாத பிடித்தம் ஒன்று இருந்தால், அது என்னவென்று முகப்பில் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.